விழிஞ்ஞத்துச் சம்பந்தி சுட்ட அன்னாசி

எங்கள் மருமகளின் அப்பா எங்கள் வீட்டுக்கு வரவே மாட்டேன் என்றிருந்தார். கல்யாணமாகிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒரு தடவைகூட வாசற்படி ஏறவில்லை. அவர்களுடைய கடற்கரை விழிஞ்ஞத்துக்கும் எங்கள் கரமனைக்கும் நடுவில் அப்படி என்ன தூரம்? கிழக்கேகோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் வரும். வள்ளத்தின் இன்ஜின் கேடு என்பார், வலை கிழிந்தது என்பார், கடல் சரியில்லை என்பார். கடல் நன்றாக இருந்தால் கடல் நன்றாக இருக்கிறதே, எப்படி வருவது என்பார்.

கோபம் என்றும் சொல்ல முடியாது. ரெஜிஸ்தர் ஆபீஸில் எங்களுக்கு முன்னால் வந்து, வெள்ளை முண்டும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நின்றவர் அவர். என் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் வீட்டுக்கு வாருங்கள் என்றதும் தரையைப் பார்த்தார்.

காரணத்தைக் கடைசியில் அவர் மனைவிதான் என்னிடம் சொன்னாள். அவள் மூன்று தடவை வந்துபோய்விட்டாள். பேக்கரி கேக்கும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, வாசலிலிருந்தே பேசிக்கொண்டு நுழைகிற ரகம்.

"சேச்சீ, அந்த மனுஷன் யாரு வீட்டுக்குப் போனாலும் கையில மீன் இல்லாம போனதில்ல. அக்கா தங்கச்சி வீடு, பள்ளியில பாதிரியச்சன் வீடு, எங்கயும். நல்ல நெய்மீனா ஒண்ணு எடுத்து ஓலையில கட்டித் தூக்கிட்டுப் போனாத்தான் அதுக்குத் தலை நிமிரும். இங்க மீன் கொண்டுவர முடியுமா? வெறுங்கைய வீசிட்டு மோளைக் கட்டிக் குடுத்த வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேக்குது. பழம் வாங்கிட்டுப் போவமேன்னு சொன்னேன். பழம் எனக்க தொழிலான்னு கேக்குது."

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மருமகள் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா, என்னைக்காவது பப்பா வந்தா, நம்ம வீட்ல ஒரு வாய் சாப்பிடுமா?"

"பின்னே? சாப்பிடாம?" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்க அந்தக் கேள்வி கூடவே வந்தது. 'நம்ம வீட்ல' என்று அவள் சொன்னது வேறு.

எங்கள் வீடு ஆற்றங்கரைப் பக்கத்து அக்ரஹாரத் தெருவில் இருக்கிறது. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்பக்கம் மட்டும் கான்கிரீட் போட்டு மாடி எடுத்தோம். பின்னால் அடுக்களை பழைய ஓட்டுக்கூரைதான், கூரையில் புகைபோக்கி ஓட்டையோடு. அந்த அடுக்களைக்குள் குளிக்காமல் நாங்களே போவதில்லை. வெளி ஆள் யாரும் நுழைந்ததில்லை. மிக்ஸி ரிப்பேர் பார்க்க வருகிறவர்கூட நிலைப்படியில் நின்று கையை நீட்டி வாங்கிக்கொள்வார். இதற்கெல்லாம் சட்டமா என்று கேட்டால் சட்டம் இல்லை. யாரும் யாரையும் தடுத்ததும் இல்லை. பழகிப்போன காலுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். நான் அதை யோசித்ததே கிடையாது. யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை என்று சொல்வது இன்னும் சரி.

இந்த நிலைமையில்தான் என் பையன் பார்பிக்யூ அடுப்பு ஒன்றை ஆன்லைனில் வாங்கினான்.

விஷு கழிந்த வாரம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆபீஸில் எல்லோரும் லீவு நாளில் மொட்டை மாடியில் பார்பிக்யூ போடுகிறார்களாம். நம் வீட்டில் கோழி, மீன் கிடையாதே, என்னத்தைச் சுடப் போகிறாய் என்று அவன் அப்பா கேட்டார்.

"பழம் சுடலாம்ப்பா. அன்னாசி, மாம்பழம், ஏத்தன்பழம். வெளிநாட்ல எல்லாம் அப்படித்தான். வீடியோ பார்த்தேன்."

"பழத்தையா? அது நன்னாத்தானே இருக்கு? அதுக்கு என்ன கேடு வந்துது, சுடறதுக்கு?"

இவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆபீஸ்காரர். நாளைக்கு நாலு வாக்கியம் பேசினால் அதிகம். அன்றைக்கு மூன்றைப் பழத்துக்காகச் செலவழித்துவிட்டார்.

நான் பழக்கடைக்குப் போனேன். ஒன்றை வாங்கப் போனால் பத்துப் பேச்சுக் கேட்டுவிட்டு வருவது என் சுபாவம். பதினெட்டு வருஷம் எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்து ஊரார் பேச்சைக் கேட்டவள், காது சும்மா இருக்காது. சந்தை வாசலில் பழம் விற்கிற அம்மாள் நான் எடுத்த ஏத்தன் வாழைப்பழத்தைப் பார்த்துவிட்டு, "சேச்சீ, இதை வைச்சிட்டுப் போங்க. இது இன்னும் ஸ்கூல் விட்டு வரல்லே," என்றாள். தோல் கறுத்து, காம்பு வாடினதாக அவளே எடுத்துக் கொடுத்தாள். சுடப் போகிறேன் என்றதும், "ஐயோ, எண்பது வயசுக்கு மேல ஆனதைத்தானே சுடுவாங்க," என்று சொல்லி அவளே சிரித்து மாளவில்லை.

கரிக்கு, தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேட்டேன். அவர் ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டு, "என் கரி சட்டைக்குப் பழகினது, அம்மா. பழத்துக்கிட்ட எப்படி நடக்கும்னு சொல்ல முடியாது," என்றார்.

மோசமாகத்தான் நடந்துகொண்டது. அந்தச் சனிக்கிழமை மாடியில் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து செய்த அட்டூழியத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதலில் தீ பிடிக்கவில்லை. பையன் பாதி பாட்டில் தேங்காயெண்ணெயை ஊற்றினான். பிறகு பிடித்த தீ அணையவில்லை. ஏத்தன்பழம் வெளியே கரிக்கட்டை, உள்ளே பச்சை. மாம்பழத்தைத் தோலை உரித்து வைத்தோம். அது உருகிக் கம்பி வழியாக விழுந்து நெருப்பை அணைத்தது. அன்னாசி கம்பியோடு ஒட்டிக்கொண்டு, பிடுங்கினால் நார்நாராக வந்தது. என் கணவர் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று, நிதானமாக, "மண்ணெண்ணெய் மாதிரி இருக்கு," என்றார். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

மருமகள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். "பப்பா பார்த்தா அழும். இதெல்லாம் பப்பாவுக்குப் பத்து நிமிஷ வேலை. கரையில கல்லு வைச்சு, தேங்காச் செரட்டைக் கனல்ல எத்தனை மீனு சுட்டிருக்கும்!" என்றாள். சொன்ன பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. இத்தனை நாள் 'வாருங்கள், வாருங்கள்' என்று உபசாரமாகக் கூப்பிட்டோம். அந்த மனிதருக்கு வருவதற்கு ஒரு காரியம் வேண்டும். போனை எடுத்தேன்.

"ஹலோ, நான் கரமனைலேர்ந்து பேசறேன்."

"அய்யோ! மோளுக்கு என்னாச்சு அம்மா?"

நான் அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. பாவம், பயந்துவிட்டார்.

"ஒண்ணும் ஆகலை. அவ சௌக்கியமா இருக்கா. இங்கே நாங்க பழம் சுடறோம். எல்லாம் கரிஞ்சு போறது. தீ எங்களுக்கு வசப்படலை. நீங்க வந்து செஞ்சு தரணும்."

போனில் கடல் காற்று இரைந்தது.

"பழமா? எதுக்கு அம்மா பழத்தைச் சுடுறிய?"

"அதைத்தான் நானும் ஆத்துக்காரரும் கேட்டோம். உங்க மாப்பிள்ளைக்கு ஆசை."

"என்ன கரி?"

"இஸ்திரிக் கரி."

"ச்சே!" என்றார். என்னிடம் அவர் மரியாதை பார்க்காமல் பேசிய முதல் சொல் அது. "அதுல பழம் சுட்டா துணி நாத்தம் அடிக்கும். செரட்டை வேணும். நாளைக்குப் பள்ளியில பூசை முடிஞ்சு வாறேன். ஒண்ணும் வாங்கி வைக்காண்டா, செரட்டை நான் கொண்டு வாறேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவரும் மனைவியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர் தோளில் ஒரு சாக்கு நிறையச் சிரட்டை. அதைத் தூக்கிக்கொண்டு அவர் எங்கள் படி ஏறியதை இப்போதும் பார்க்கிறேன். ஓலையில் கட்டிய நெய்மீனைத் தூக்கிவருகிறவர் எப்படி வருவாரோ, அப்படி வந்தார். மருமகள் வாசலில் நின்று சாக்கை வாங்கப் போனாள். "வேண்டா மோளே, சட்டையில கரி படும்," என்று விலகி, நடுக்கூடத்தைக் கடந்து, வேறெங்கும் பார்க்காமல் நேரே மாடிப்படி ஏறிவிட்டார்.

அந்த அடுப்பைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு! காலைத் தட்டிப் பார்த்தார். "இது அடுப்பா, பொம்மையா?" என்றார். பையன் மாமனாரிடம், "ரிவ்யூ நல்லா இருந்துது, அப்பா," என்றான். "ரிவ்யூ எழுதினவன் பட்டினி கிடந்திருப்பான்," என்றார்.

சிரட்டைகளை உடைத்துக் கூம்பாக அடுக்கினார். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. தேங்காய் நாரில் ஒரு நெருப்புக்குச்சி. குப்பென்று எரிந்தது. என் பையன் உடனே அன்னாசித் துண்டைத் தூக்கினான். "இரி மோனே. தீ வேண்டா, கனல் மதி, அது போதும். தீ பார்க்கத்தான் பெரிசு. வேலைக்கு ஆகாது." தீ அடங்கி, சிரட்டையெல்லாம் சாம்பல் பூத்துச் சிவப்பாகத் தங்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளங்கையைக் கம்பிக்கு மேலே பிடித்து, ஏதோ மனதுக்குள் எண்ணிக்கொண்டு தலையாட்டினார்.

அன்னாசியைத் தோலோடு தடியாக வெட்டச் சொல்லி, அதில் அவரே உப்புத் தூவினார். ஏத்தன்பழத்தைத் தோல் உரிக்காமல் நீளவாக்கில் ஒரு கீறல். மாம்பழத்தைக் கொட்டையின் இரண்டு பக்கமும் கன்னம் கன்னமாகச் சீவி, தோல் பக்கம் கீழே. வெல்லப்பாகு நான் முன்கூட்டியே தடவப் போனபோது தடுத்தார். "சர்க்கரை கடைசியில. முதல்லயே தடவினா அது கரிஞ்சு மத்ததையும் கெடுத்திரும்." அன்னாசி கம்பியில் ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன். "நீங்க பிடுங்கியிருப்பிய. மீனும் அப்படித்தான். வெந்தா அதே விட்டுத் தரும். அதுவரைக்கும் நாம சும்மா இருக்கணும்." மீன் என்ற சொல் வாயில் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு என் கணவரைப் பார்த்தார். "மன்னிக்கணும் சாமி." இவர், "இல்லை இல்லை, சொல்லுங்கோ," என்றார். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மணம் எழும்பியது. சுட்ட அன்னாசியின் மணம் எனக்கு அதுவரை தெரியாது. கல்யாண வீட்டுக் கோட்டையடுப்புப் பக்கம் போனால் பாகு காயும் வாசனை வருமே, அதில் கொஞ்சம் புளிப்பைக் கலந்தது மாதிரி. எதிர் மாடியில் துணி எடுக்க வந்தவள் எடுக்காமலே நின்றாள்.

எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தது. கெடுத்தவள் நான்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தட்டு. பேர் வெட்டின எவர்சில்வர் தட்டு. என்னுடையது என் கல்யாணத்துக்கு வந்தது. மருமகளுக்கும் வந்த மறுவாரமே பேர் வெட்டிக் கொடுத்துவிட்டேன். சம்பந்திகளுக்குப் பழைய தட்டில் போடுவதா என்று, அன்று காலை இவரை ஆரியசாலைக்கு விரட்டி, தெரிந்த பாத்திரக்கடைக்காரரை ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறக்க வைத்து, இரண்டு புதுத்தட்டு, இரண்டு புது டம்ளர் வாங்கி வந்திருந்தேன். கனமான தட்டு. கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். ஸ்டிக்கரைச் சுரண்டி, கழுவி, மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் தனியாக வைத்தேன். எங்கள் நாலு தட்டும் இந்தப் பக்கம் பாயில். அந்த இரண்டும் அந்தப் பக்கம்.

முதல் அன்னாசி இறங்கியதும், "நீங்க ரெண்டு பேரும் முதல்ல எடுத்துக்கோங்கோ, உங்க தட்டு அங்கே இருக்கு," என்று பெருமையாகக் கைகாட்டினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். புதுத்தட்டைப் பார்த்தார், பாயில் இருந்த எங்கள் தட்டுகளைப் பார்த்தார். மறுபடியும் புதுத்தட்டு. எழுந்து போய் அதைக் கையில் எடுத்து, கவிழ்த்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே ஓசையில்லாமல் வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்க அம்மா. எனக்குப் பசி இல்ல. தீ பாக்கணும்."

அவர் மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மருமகள் என்னை மாடிப்படிக்குப் பக்கத்தில் அழைத்துப் போனாள்.

"அம்மா, பப்பாவுக்கு ஏன் வேற தட்டு?"

"வேற தட்டா? புதுத்தட்டுடீ! மரியாதைக்காக வாங்கினது!"

"புதுசுன்னு எனக்குத் தெரியும் அம்மா. பப்பாவுக்குத் தெரியாதே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். பிறகு மெதுவாக இன்னொன்று சொன்னாள். அப்பாவின் கல்யாணத்துக்கு முன்னால், கடலில் இறங்க முடியாத மழைக்காலத்தில், அவர் இந்தக் கரமனை ஆற்றில் மணல் வாரும் வேலைக்கு வந்திருக்கிறார். எந்தத் தெரு என்று ஞாபகம் இல்லையாம். ஒரு வீட்டின் பின்பக்கம் போய்த் தண்ணீர் கேட்டதற்குச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தார்களாம். குடித்துவிட்டு அதை அங்கேயே எறிந்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். "பப்பா இதைச் சிரிச்சிட்டுத்தான் சொல்லும். ஆனா இங்க வரமாட்டேன்னு சொல்றப்ப நான் அதைத்தான் நினைப்பேன்," என்றாள்.

இல்லை, நாங்கள் அப்படி இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எங்கள் வீட்டுப் பின்பக்கமும் ஆற்றைப் பார்த்துத்தான் இருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தைய காலத்தை யார் கண்டார்கள்? நான் மட்டும் என்ன, ஆறு பேருக்கும் ஒரே மாதிரி தட்டு வாங்க எனக்கு ஏன் தோன்றவில்லை?

திரும்பி வந்து பார்த்தால், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கனலைக் கிளறிக்கொண்டிருந்தார். பழம் பழமாகச் சுட்டு எங்கள் தட்டில் வைத்தார். அவர் வாயில் ஒன்றும் போடவில்லை. ருசி பார்க்கக்கூட இல்லை. நிறத்தைப் பார்த்து, விரலால் தொட்டுப் பார்த்து இறக்கினார். எனக்கு நன்றாகத் தெரிந்தது. வேலையை முடிப்பார், கும்பிடுவார், ஆட்டோ ஏறுவார். அதற்கப்புறம் கடல் எப்போதும் சரியில்லாமலே இருக்கும். மருமகளுக்கும் தெரிந்தது. அவள் தட்டில் இருந்த ஏத்தன்பழம் அப்படியே ஆறியது.

நான் அந்தப் புதுத்தட்டுகளை எடுத்து மறைக்கலாமா, எடுத்தால் இன்னும் மோசமாகத் தெரியுமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். அப்போது மழை வந்தது.

இந்த ஊர் வேனல் மழை முன்னறிவிப்புக் கொடுக்காது. வானம் கறுத்தது, இடித்தது, கொட்டியது, எல்லாம் ஒரே மூச்சில். பாயைச் சுருட்டுகிறவர் சுருட்ட, தட்டைத் தூக்குகிறவர் தூக்க, "கனலு! கனலு போச்சு!" என்று அவர் கத்தினார். கம்பியின் மேல் பழம் பாதி வெந்து கிடந்தது. சாக்கை மழையில் நனைத்து இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டார். அந்தப் பொம்மை அடுப்பை அப்படியே நெஞ்சுயரம் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். படி இறங்குகிற இடத்தில் இடது பக்கம் கூடம், வலது பக்கம் அடுக்களை. கனல் கையில் இருக்கிறவன் யோசிப்பானா? தலையைத் தூக்கி, புகை போக வழி எங்கே என்று பார்த்திருக்கிறார். ஓட்டுக்கூரையில் புகைபோக்கி தெரிந்திருக்கிறது. நேரே அடுக்களைக்குள் போய், நடுவில் வைத்துவிட்டார்.

வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குப் பட்டது. ஒரு பக்கம் உறி, ஒரு பக்கம் சுவாமி படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கு. தலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடுகிறது. நிலைப்படியில் நாங்கள் ஐந்து பேர்.

"அய்யோ… அம்மா… நான் அறியாம…" என்றவர், சட்டென்று குனிந்து மறுபடியும் அடுப்பைத் தூக்கப் போனார். கையில் சாக்குகூட இல்லை.

"வைங்கோ அதை!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் மனைவி நடுங்கிப்போனாள். "கையைச் சுட்டுக்கணுமா? வெளியிலே கொண்டு போனா அணைஞ்சு போயிடும். அங்கேயே வைங்கோ. அந்த ஜன்னல் கொக்கியைத் தூக்குங்கோ, புகை சுத்தறது. அது இல்லை, அதுக்கு மேலே. நன்னாத் தள்ளுங்கோ, மழையிலே உப்பியிருக்கு."

அவர் தள்ளினார். ஜன்னல் திறந்தது. எனக்கு உபசாரம் பேசத் தெரிந்தது அன்றைக்கு ஒன்றும் உதவவில்லை. வேலை சொல்லத் தெரிந்தது உதவியது. என் கணவர் உள்ளே போய், தான் உட்கார்ந்து சாப்பிடுகிற பலகையை எடுத்துவந்து கனலுக்குப் பக்கத்தில் போட்டார். "உக்காருங்கோ. நின்னுண்டு எப்படிச் சுடுவேள்?" என்றார். தான் வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தோம். அறுவருக்கு அந்த அடுக்களை போதாது. முழங்கால் முழங்காலோடு இடித்தது. புதுத்தட்டு, பழைய தட்டு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி யார் மடியிலோ இருந்தது. மேலே வந்தது என்னுடையது. மருமகள் அதை எடுத்து நடுவில் வைத்தாள். அவர் இறக்கின அன்னாசியை அதில் வைத்தார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் கனலைப் பார்த்தார். பசி இல்லை என்று சொன்ன வார்த்தை இன்னும் அங்கேயேதான் இருந்தது. வற்புறுத்தினால் மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

"உப்புப் போறாது," என்றேன்.

திட்டம் போட்டுச் சொன்னதில்லை. உண்மையிலேயே போதவில்லை. மழையில் கழுவிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஆனால் சொன்ன மாத்திரத்தில் பையன் என்னை முறைத்தான். இத்தனை தூரம் வந்து, கனலைச் சுமந்து, நனைந்து, எங்களுக்காகச் சுட்டவரிடம் முதல் வார்த்தையாக இதைச் சொல்லியிருக்கிறேன்.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"உப்பா?"

"ஆமாம்."

"நான் போட்ட உப்பா?"

"நீங்க போட்டதுதான். போறாது."

"அம்மா, நாப்பது வருஷமா நான் நிக்கறதே உப்புலயாக்கும்," என்றார். சொல்லிக்கொண்டே கையை நீட்டி, என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அது நியாயமான கோபம். என் சொல்லைப் பொய்யாக்குவதற்கு அவருக்கு வேறு வழியில்லை. கண்ணை மூடி மென்றார். மருமகள் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினார். இன்னொரு துண்டு எடுத்தார், இந்தத் தடவை ஓரத்திலிருந்து. அதையும் மென்றார்.

"சரி. கொஞ்சம் குறவு," என்றார்.

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்ததை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் கல்லுப்பு ஜாடியைத் தள்ளினேன். சம்பந்தி ஒரு சிட்டிகை எடுத்து, மிளகாய்ப்பொடியோடு உள்ளங்கையில் தேய்த்து, அன்னாசியில் தூவி, என்னிடம் நீட்டினார். "இப்ப?" நான் தின்றேன். "இப்ப மிளகாய் ஜாஸ்தி." "அதுக்கு எலுமிச்சம்பழம் பிழியணும், அதை வெட்டித் தராம உக்காந்துட்டு என்னைக் குத்தம் சொல்லுதிய!" "நீங்க கேக்கலையே!" "கேட்டாத்தான் தருவியளா?" என்று இரண்டு பேரும் சண்டை போட ஆரம்பித்துவிட்டோம். சண்டையின் நடுவில் அவர் மூன்று துண்டு அன்னாசி, ஒரு மாம்பழக் கன்னம் தின்று முடித்திருந்தார். தின்கிறோம் என்பதே அவருக்கு நினைவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மருமகளும் எண்ணியிருப்பாள்.

மழை நின்றதும் யாருக்கும் தெரியவில்லை. கம்பியின் மேல் கடைசியாக ஒரே ஒரு ஏத்தன்பழம் மிச்சம் இருந்தது. தோல் நன்றாகக் கறுத்து வெடித்து, உள்ளே மஞ்சள் சதை நுரைத்துக்கொண்டு, வெல்லப்பாகு ஓரத்தில் பொங்கி நின்றது. அவர் கை அதன் பக்கம் போனது. அப்போது அடுக்களை அதிர ஒரு குரல் கேட்டது.

"பப்பா! கை எடு! அது எனக்க!"

"நீ ரெண்டு தின்னாச்சு!"

"நான் ஒண்ணுகூட தின்னல்லே! எல்லாம் ஆறிப் போச்சு! நீதான் ஆறு தின்னே, நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்! பசி இல்லேன்னு சொன்ன ஆளு!"

"மெல்லப் பேசு மோளே, வேற வீடு—"

"எந்த வேற வீடு? கை எடு பப்பா!"

கரையில் நின்றால் வள்ளத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கிற குரல். பதினோரு மாதமாக எங்கள் வீட்டில் பூனை மாதிரி நடந்து, 'சரி அம்மா, செய்யறேன் அம்மா' என்று காதோடு பேசிய பெண். இடுக்கியை ஓங்கிக்கொண்டு, முடி அவிழ்ந்து, முகமெல்லாம் கரியாக, அப்பாவோடு பழத்துக்கு மல்லுக்கு நின்றாள். என் பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அம்மா என் தோளில் சாய்ந்து, மெல்லச் சொன்னாள். "சேச்சீ, வீட்ல இவ இப்படித்தான். இங்க வந்தப்பல்லாம் அவ பேசறதைக் கேட்டு, மோளுக்கு ஏதோ சீக்குன்னு நான் பயந்து போய்க் கிடந்தேன்."

பழத்தை அவளே பிடித்துவிட்டாள். பாதியைக் கிள்ளி, ஊதிக்கூடப் பார்க்காமல் அப்பாவின் வாயில் திணித்தாள். சூடு தாங்காமல் அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் விசிறினார். அவள் மிச்சத்தை நின்றபடியே தின்றுகொண்டு, "அம்மா, டீ போடட்டா? எல்லார்க்கும்?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"போடு," என்று நானும் கத்தினேன்.